வெந்நீர்க் குளத்துக்கு ஓர் உள்பாவாடை

1

செவ்வாய்க்கிழமை பிற்பகல் என் மகள் தாரணியை அழைத்துவரப் பள்ளிக்குப் போனபோது அவளுடைய வகுப்பாசிரியை என்னைத் தனியே நிறுத்திப் பேசினார். இந்த நாட்டில் ஆசிரியை தனியே கூப்பிட்டால் நான் என் தவறுகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். மழைக்கால்சட்டை கொடுத்தனுப்பவில்லை, சாப்பாட்டு டப்பாவில் காய் போதவில்லை, யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் அழைப்புக்குப் பதில் போடவில்லை என்று நான் ஏதாவது ஒன்றில் தவறியிருப்பேன். டென்மார்க்குக்கு வந்து ஏழு வருடமாகிறது. இன்னும் எதில் தவறுவேன் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை.

அன்று அவர் பேசியது நீச்சலைப் பற்றி. இங்கே நீச்சலும் ஒரு பாடம். வாரம் ஒருமுறை வகுப்பையே நீச்சல் கூடத்துக்கு அழைத்துப் போவார்கள். தாரணி சில வாரங்களாகப் பையை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லிக் கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளாம். பையை ஒவ்வொரு முறையும் நான்தான் கட்டிக் கொடுத்தேன். அது அவள் அறையில் குளிர்கோட்டுகளுக்குப் பின்னால் கிடந்ததை அன்று மாலை கண்டுபிடித்தேன்.

"போன வருடமெல்லாம் இவள்தான் முதலில் குதிப்பாள். இப்போது குளிக்கும் அறைக்குள் வரவே மறுக்கிறாள்" என்றார் ஆசிரியை. தண்ணீரில் இறங்குமுன் எல்லாரும் துணியைக் களைந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி அறை, ஆனால் அறைக்குள் ஆளுக்கு ஆள் தடுப்பு எதுவும் கிடையாது. குளங்களில் கிருமி கொல்லும் மருந்தைக் குறைவாகக் கலப்பதற்காக இப்படி ஒரு பழக்கம். பிறகு அவர் குரலைத் தணித்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: உங்கள் பண்பாட்டில் இதற்குத் தடை ஏதாவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள், தனியறைச் சாவி தரலாம், வேண்டுமானால் நீச்சலிலிருந்தே விலக்கும் தரலாம்.

நான் யோசிக்காமல், "ஆமாம், எங்கள் பண்பாடு அப்படி" என்றேன்.

அவர் தலையசைத்தார். தாரணி எனக்கு முன்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள். பின்னால் போன எனக்கு முகம் எரிந்தது. பண்பாடு அவளை ஒன்றும் செய்யவில்லை. போன மாதம், ஐஸ்லாந்தில், கடலோரத்து வெந்நீர்க் குளம் ஒன்றின் குளியலறையில் நான் செய்தது அது. அவளுக்கு ஒன்பது வயது. இப்போது விட்டால் அவள் இனி தண்ணீருக்குள் இறங்கவே மாட்டாள் என்ற பயம் அந்தச் சாலையிலேயே வந்துவிட்டது.

2

இலையுதிர்கால விடுமுறை ஒரு வாரம். ஐஸ்லாந்துக்குப் போகலாம் என்றது என் கணவர் செந்தில். நான் வேண்டாம் என்பதற்கு என்னால் முடிந்த காரணங்களையெல்லாம் சொன்னேன். என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்து அது எந்த மேசையில் கிடக்கிறதென்று தெரியாமல் இருந்த சமயம் அது. கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான் தபாலில் வந்தது. வந்த பிறகும் நம்பிக்கை வரவில்லை. மூன்று பேருடைய அட்டைகளையும் கடவுச்சீட்டுகளையும் தண்ணீர் புகாத பை ஒன்றில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். விமானத்தில் தூங்கும்போதும் கழற்றவில்லை.

நாங்கள் போக இருந்த குளத்தைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். அந்த நாட்டில் பூமிக்கடியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதை மேலே கொண்டுவந்து, கடலோரக் கரும்பாறைகளுக்கு நடுவே தேக்கி, சூடு தாங்குகிற அளவுக்கு ஆறவிட்டுக் குளமாக வைத்திருக்கிறார்கள். கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு எதிரே குளிர்ந்த கடலைப் பார்க்கலாம். படங்கள் அழகாகத்தான் இருந்தன. அதே பக்கத்தின் கீழே விதிகள் இருந்தன. முதல் விதி: நீச்சலுடையைக் கழற்றிவிட்டுக் குளித்த பிறகே உள்ளே வர வேண்டும்.

டென்மார்க்கிலும் இதே வழக்கம்தான் என்பதால் நான் ஏழு வருடமாக எந்த நீச்சல் கூடத்துக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. தாரணியைச் சனிக்கிழமைகளில் செந்தில்தான் கூட்டிப்போவார். பள்ளிக்கூட நீச்சலில் அவள் எப்படிக் குளிக்கிறாள் என்று நான் கேட்டதும் இல்லை. கேட்காமல் இருந்தால் அது நடக்காத மாதிரி எனக்கு ஓர் எண்ணம்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆற்றில் குளிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே கையை விட்டுச் சோப்புப் போட்டு, முங்கி எழுந்து, உலர்ந்த பாவாடையைத் தலைவழியே மாட்டி நாடாவைப் பல்லில் கடித்தபடி ஈரத்தைக் காலடியில் நழுவ விடுவோம். எதிர்க்கரையில் தேர்க்கூட்டமே நின்றாலும் ஒரு விரற்கடை தெரியாது. நான் அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். இவர்களுக்கு வேண்டியது சுத்தம்தானே, அதைப் பாவாடைக்குள்ளேயே செய்துகாட்டுவேன் என்று நினைத்தேன். அரக்கு நிறப் பருத்திப் பாவாடை ஒன்றைப் பெட்டியில் வைத்தேன்.

செந்தில் அதைப் பார்த்துவிட்டார். "பனிமலை பாக்கப் போறோம்னு நெனச்சேன். நீ என்ன ஆடிப்பெருக்குக்குப் போறியா?"

"உங்களுக்கென்ன. பேசாம இருங்க" என்றேன். அவருக்கு அதற்குமேல் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. ஆண்களுக்கு எங்கள் ஊரிலும் பம்புசெட்டடியில் ஒரு துண்டு போதும்.

3

அந்தக் குளத்தின் பெண்கள் குளியலறை வெதுவெதுப்பாக, நல்ல வெளிச்சமாக இருந்தது. சுவரில் ஒரு மனித உருவம் வரைந்து, எங்கெங்கே தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சிவப்பில் குறித்திருந்தார்கள். பல தேசத்துப் பெண்கள் குளித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தாரணி என் கையை விட்டுவிட்டு ஒரு குழாயடிக்குப் போய், பள்ளியில் பழகியபடி சோப்பை அழுத்தி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு குளிக்க ஆரம்பித்தாள்.

நான் மூலையில் இருந்த குழாயைத் தேர்ந்தெடுத்தேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, மார்பில் கட்டிய பாவாடையும் கழுத்தில் தொங்கிய கடவுச்சீட்டுப் பையுமாகத் தண்ணீரைத் திறந்தேன். வேலை பாதி முடிந்திருக்கும். தோளுக்குப் பின்னால் யாரோ மெதுவாக ஏதோ சொன்னார்கள். அந்த இடத்தைக் கவனித்துக்கொள்கிற பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். ஐஸ்லாந்தில் பள்ளியில் டேனிஷ் கற்பிக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் திணறியதைப் பார்த்து அந்த மொழியில் நிதானமாகச் சொன்னார், இங்கே துணியோடு குளிக்கக் கூடாதென்று. என் டேனிஷில் எப்போதும் காலம் குழம்பும், நடந்ததும் நடக்கப்போவதும் ஒன்றாகிவிடும். நான் குளித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்து எதையோ சொன்னேன். அவர் புன்னகை மாறாமல் பாவாடையைக் காட்டினார். அப்புறம் பையைக் காட்டினார்.

தாரணிக்கு என் சங்கடம் அங்கிருந்தே தெரிந்துவிட்டது. எங்கே நான் மொழியில் தடுக்கினாலும் வந்து தூக்கிவிடுவது அவள் வழக்கம். கடையில், மருத்துவரிடம், பேருந்தில் எல்லாம் அப்படித்தான். நுரையைக்கூடக் கழுவாமல் அப்படியே ஓடிவந்து எங்கள் நடுவில் நின்றாள்.

"அம்மா, கழட்டணும்மா. எல்லாரும் கழட்டுவாங்க. எங்க ஸ்கூல்லயும் இப்படித்தான். ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல" என்றாள். அந்தப் பெண்மணியிடம் திரும்பி, எங்கள் அம்மாவுக்குப் பழக்கமில்லை, கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று டேனிஷில் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. அவள் சொன்ன மாதிரி நான் கழற்றியிருப்பேனோ என்னவோ. நாடாவில் கை வைத்தது நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் கதவுக்கு அப்பால் தமிழ்க் குரல்கள் கேட்டன. இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள்.

அதுவரை அந்த அறையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் யாரும் எனக்கு ஆட்களாகவே தெரியவில்லை. தமிழ் காதில் விழுந்ததும்தான் அறை முழுக்கக் கண்கள் முளைத்த மாதிரி இருந்தது. தாரணியின் தோளைப் பிடித்து இழுத்தேன். கொக்கியில் தொங்கிய துண்டை எடுத்துக் கழுத்திலிருந்து முழங்கால்வரை அவளைச் சுற்றினேன். வலிக்கும்படி இறுக்கிச் சுற்றினேன் என்று இப்போது தோன்றுகிறது.

"ஒம்போது வயசு ஆச்சு. வெக்கமா இல்ல ஒனக்கு? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாரைச் சொல்கிறேன் என்று உண்மையாகவே தேடினாள்.

"யாரும்மா?" என்றாள்.

அவளை இழுத்துக்கொண்டு அறையின் கோடிக்குப் போனேன். அங்கே திரை போட்ட ஒரு தடுப்பு இருந்தது. கூச்சப்படுகிறவர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். முதலிலேயே கண்ணில் பட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது. திரைக்குள் அவளை நிறுத்தி நுரையைக் கழுவிவிட்டேன். அவள் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள். திரைக்கு வெளியே அந்த இரண்டு பெண்களும் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"ஏய் சாந்தி, எல்லாத்தையும் கழட்டணுமாம்டி."

"கழட்டுனா கழட்டு. ஒன்ன எவ பாக்கப்போறா? அப்படியே பாத்தாலும் பாவம், ரெண்டு நாளைக்கு அவளுக்குச் சோறு எறங்காது."

"வாயப் பாரு. பிரசவத்துல பாக்காத ஆளா இங்க பாக்கப்போகுது?"

தண்ணீர் திறக்கும் சத்தமும் அதற்கு மேல் அவர்கள் சிரிப்பும் கேட்டன. நாங்கள் நீச்சலுடை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது இருவரும் குழாயடியில் நின்று ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மா வயதிருக்கும். என் கையிலிருந்த ஈரப் பாவாடையைப் பார்த்ததும் ஒருத்தருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"தமிழா? எந்த ஊரும்மா?"

"நீடாமங்கலம் பக்கம்ங்க."

"அட, எங்க ஓரகத்தி பொறந்த வீடு மன்னார்குடி. பாவாடையெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கியே, எனக்குத் தோணல பாரு." கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. பிறகு தாரணியைப் பார்த்து, "கண்ணு, ஒம்பேரு என்ன?" என்றார்.

தாரணி துண்டைத் தொண்டைவரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

4

குளம் படத்தில் பார்த்ததைவிடப் பெரியது. ஊரில் நெல் அவிக்கிற அண்டாவிலிருந்து கிளம்புகிற மாதிரி ஆவி எழுந்துகொண்டிருந்தது. வெடித்த பட்டாசின் மணம் லேசாக. குளத்தின் ஓரம் முடிகிற இடத்தில் பாறை, பாறைக்குக் கீழே கடல். எங்களுக்குக் கடல் என்றால் நாகப்பட்டினம்தான். சுடிதாரோடு முழங்கால்வரை நனைத்துக்கொண்டு, அலை வந்தால் துப்பட்டாவைப் பிடிப்பதா அம்மா கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் நிற்போம். சுனாமிக்குப் பிறகு அப்பா எங்களை அங்கே கூட்டிப்போவதையும் நிறுத்திவிட்டார். ஆகையால் கடலுக்குப் பத்தடி தூரத்தில், காதில் குளிர்காற்று அடிக்க, உடம்பு மட்டும் வெந்நீரில் இருந்தது எனக்குக் கனவு மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். எனக்கு நினைவிருப்பதெல்லாம் தாரணியின் தலை மட்டும்.

தண்ணீரைக் கண்டால் நிற்காதவள், மோவாய்வரை முங்கி, இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். செந்தில் கடல் பக்கத்து ஓரம்வரை நீந்திப் போகலாம் என்று கூப்பிட்டார். அவள் வரவில்லை.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"அலைச்சல். தூங்கலல்ல" என்றேன்.

அந்தப் பெண்கள் இருவரும் எங்களைக் கடந்து போனார்கள். பெரிய பூப்போட்ட நீச்சலுடை. ஆளுக்கொரு பழச்சாறு. குளத்தின் ஓரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் அவர்களுக்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்பதை அவர்களிடம் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

விடுதிக்குத் திரும்பியதும் குடும்பக் குழுவுக்கு ஒரு படம் அனுப்பலாம் என்று எடுத்தேன். அந்தக் குழுவில் என் பெரியப்பா இருக்கிறார், செந்திலின் சித்தப்பாக்கள் இருக்கிறார்கள். நல்ல படமாக ஒன்று, எங்கள் மூவரின் தலையும் தோளும் தெரிகிற மாதிரி. தோளில் வெட்டினேன். போதவில்லை என்று கழுத்தில் வெட்டினேன். பக்கத்தில் படுத்திருந்த தாரணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது முகம் மட்டும் இருக்கு" என்றாள்.

"முகம் தெரிஞ்சாப் போதும், தங்கம்."

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பி வந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை நீச்சலுக்குக் குளிர் என்று சொல்லி மறுத்தாள், வீட்டுக் குளியலறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள். வயதாகிறது, நல்லதுதானே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆசிரியை பள்ளி நீச்சலைப் பற்றிச் சொன்னபோதுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன்.

5

ஆசிரியை பேசிய அந்தச் செவ்வாய் இரவு, சமையலுக்கு நடுவே ஊருக்கு, அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். ஆசிரியையிடம் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஊரில் இரண்டு நாளாக விடாத மழை. சம்பா நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்கிறது, அப்பா வடிகாலை வெட்டிவிடப் போனவர் இன்னும் வரவில்லை என்று அம்மா பாதிக் கவனத்தோடுதான் பேசினார். குளியலறை விதியைச் சொன்னதும் முழுக் கவனமும் வந்துவிட்டது.

"அம்மணமாவா? எல்லாருமா? கெழவிங்களுமா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். "நல்லவேளை, என்னைக் கூப்பிடாம போனியே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொன்றைக் கேட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டால் அது நிரம்பி ஓடும். தெருப் பிள்ளைகளெல்லாம் மதகின் மேலிருந்து குதிப்போம். எனக்குப் பதினோரு வயதிருக்கும். ஒரு நாள் அப்பாவோடு கரையில் நின்று பேசிக்கொண்டிருந்த ஒருவர், நான் ஏறி வருவதைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வளந்துட்டா போலருக்கே" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, இனிமேல் வாய்க்காலுக்குப் போக வேண்டாம், ஆத்துல எங்கூட வந்து பாவாடை கட்டிக்கிட்டுக் குளி என்றார். அதற்குப் பிறகு நான் நீந்தவே இல்லை. மதகுப் பக்கம் போனால்கூடக் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டுதான் நடப்பேன்.

"ஏம்மா என்னை அன்னைக்கு நிறுத்துன?" என்று கேட்டேன்.

"எதை?"

சொன்னேன். அந்த மனிதர் சொன்னதையும், தலை பின்னியதையும்.

அம்மா யோசித்தார். "அப்படியா நடந்துச்சு? எனக்கு ஞாபகமே இல்லையே. நீயாத்தானே நிறுத்திக்கிட்ட? ஒனக்கு அப்பவே கூச்சம் ஜாஸ்தி. நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

அவர் மறைக்கவில்லை. உண்மையிலேயே நினைவில்லை. இத்தனை வருடமாக நான் மனதுக்குள் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவருக்கு அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அதற்குள் அப்பா வந்துவிட்டார் போலிருக்கிறது, "இருங்க, துண்டு தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே அம்மா போனை வைத்துவிட்டார்.

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. நானும் இப்படித்தான் மறப்பேன் என்று நினைத்தேன். அவளாகத்தான் நீச்சலை நிறுத்திக்கொண்டாள், அவளுக்குக் கூச்ச சுபாவம் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பேன். மனதாரச் சொல்வேன்.

மறுநாள் காலை ஆசிரியையிடம் போனேன். அது எங்கள் பண்பாடு இல்லை, நான்தான் அவளை வெட்கப்படுத்தினேன் என்று சொல்ல முயன்றேன். வழக்கம்போலக் காலம் குழம்பியது. வெட்கப்படுத்தினேனா, வெட்கப்படுத்தப்போகிறேனா என்று அவருக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். தனியறைச் சாவி இப்போதைக்கு வேண்டாம், சில வாரங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். தன் கையை என் கை மேல் வைத்துவிட்டுப் போனார்.

6

சனிக்கிழமை காலை செந்திலை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நான் தாரணியோடு நீச்சல் கூடத்துக்குப் போனேன். "நீயா?" என்றார் அவர். தாரணியும் அதையேதான் கேட்டாள். நான் குளிக்கிறேன், நீ பெஞ்சில் இருந்தால் போதும் என்றேன். நீச்சல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். குளிர்கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றியிருந்தாள்.

பெண்கள் குளியலறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் கோட்டைக் கழற்றினேன். ஸ்வெட்டரைக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் மடித்து வைத்தேன். மடிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று ஆனபோது மடித்த ஸ்வெட்டரையே பிரித்து மறுபடி மடித்தேன். தைரியமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வந்தவள், சுவரைப் பார்த்துக்கொண்டுதான் குழாயடிவரை நடந்தேன். யாரும் பார்க்கவில்லை. அது எனக்கு உதவவும் இல்லை.

தண்ணீரைத் திறந்துவிட்டுத் திரும்பினேன். தாரணி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எனக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கோட்டின் ஜிப்பை இறக்கி, இரண்டு பக்கத்தையும் கைகளால் விரித்துப் பிடித்திருந்தாள், சேலைத்தலைப்பை விரித்து மறைப்பாக நிற்கிற பெண் மாதிரி. ஆற்றில் நாங்கள் ஒருத்திக்கு ஒருத்தி அப்படி நிற்போம். அதை நான் அவளுக்குச் சொன்னதே கிடையாது.

"தாரு, தள்ளும்மா. தேவையில்ல."

"நீ சீக்கிரம் குளி அம்மா. யாரும் வராம நான் பாத்துக்கறேன்."

அவள் காதுகள் சிவந்திருந்தன. கோட்டு நனைந்துகொண்டிருந்தது. எனக்காக அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள், என்னைவிட அதிகமாக. அந்தச் சிறிய முதுகுக்குப் பின்னால் நின்று சோப்புப் போட்டுக்கொண்டபோது எனக்கு ஏற்பட்டதை என்னவென்று எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே வந்து இவளுக்கு எதையோ அவிழ்த்துக் காட்டலாம் என்று நினைத்த என் புத்தி எவ்வளவு சின்னது என்று மட்டும் தோன்றியது.

நீச்சலுடையைப் போட்டுக்கொண்டு குளத்துக்கு வந்தேன். தாரணி கால்சட்டையை மடித்துவிட்டு, கூட வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஏணியைப் பிடித்து இறங்கினேன். கால் தரையில் எட்டவில்லை. பயந்து கம்பியைப் பிடித்தேன். பிறகு விட்டேன்.

மறந்திருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது வாய்க்கால் நீச்சல். தலையை மேலே தூக்கிக்கொண்டு, கையால் தண்ணீரை அள்ளிப் பின்னால் தள்ளி, காலால் மடார் மடாரென்று அடித்துக்கொண்டு போவது. பக்கத்துத் தடத்தில் சத்தமில்லாமல் நீந்திக்கொண்டிருந்த முதியவர் ஒதுங்கினார். பாதுகாவலர் நாற்காலியிலிருந்து எழுந்து ஓரமாக வந்து என்னைப் பார்த்தார். எதிர்க்கரைக் கம்பியைப் பிடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா!"

தாரணி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கூடம் முழுக்க எதிரொலிக்கிற மாதிரி தமிழில் கேட்டாள். "ஒனக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லவே இல்ல?"

"நிறுத்திட்டேன்" என்றேன்.

அவள் ஓரமாகவே நடந்து நான் இருந்த பக்கம் வந்தாள். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "நீ தப்பா நீந்தற. தலைய உள்ள விடணும். மூச்சத் தண்ணிக்குள்ள விடணும்" என்றாள்.

"எனக்கு வராது. நீ காட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். குளியலறைக் கதவைப் பார்த்தாள். அவள் வயதுப் பெண்கள் மூன்று பேர் அதைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து ஒன்றாகக் குதித்தார்கள். தாரணி பெஞ்சில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு அந்தக் கதவுக்குள் போனாள்.

என் கை தானாகவே பக்கத்திலிருந்த ஏணியைப் பிடித்துவிட்டது. உள்ளே யார் யார் இருக்கிறார்களோ. யாராவது ஏதாவது சொல்லிவிட்டால். தரை வழுக்குமே. அழுதுகொண்டு நிற்கிறாளோ. இரண்டு படி ஏறிவிட்டேன். அங்கிருந்து கதவுவரை ஈரத்தரை மட்டும்தான். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஏறிய இரண்டு படியும் இறங்கினேன். கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு காவல்தான் என்று தோன்றியதால், முகத்தை எதிர்ச் சுவருக்குத் திருப்பிக்கொண்டேன்.

நேரமானது. கதவு திறந்து மூடுகிற சத்தம் பலமுறை கேட்டது. ஒவ்வொரு முறையும் திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். திடீரென்று பின்தலையில் ஒரு குடம் தண்ணீர் அறைந்தது. திரும்பினால் தாரணி குதித்து மூழ்கி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நனைந்திருந்தது. குளித்துவிட்டு வந்தாளா, துண்டைச் சுற்றிக்கொண்டு குளித்தாளா, குளிக்காமலேயே குதித்தாளா என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. நான் கேட்கவும் இல்லை.

"மொதல்ல தலைய உள்ள விடு" என்றாள்.

விட்டேன்.